நெஞ்சுக்குள் இடம் மாறியவை

நுரையீரல் அறுவை சிகிச்சையில் பாதி வேலை, கத்தியைத் தொடுவதற்கு முன்பே ஸ்கேன் படத்தின் முன்னால் முடிந்துவிட வேண்டும். அந்தப் படத்துக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தவர்களே, கதவுக்கு உள்ளே நாங்களும் அதற்காகத்தான் காத்திருந்தோம். நான் திருப்பூருக்கு சர்ஜனாக வந்த புதிதில், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் லட்சுமியும் நானும் ஒரே கம்ப்யூட்டர் முன்னால் இடித்துக்கொண்டு உட்கார்ந்து படம் பார்ப்போம். இப்போது அவர் மகளோடு வெளியூரில். படம் என் போனுக்கே வந்துவிடுகிறது.

வலப்பக்க இதயம்

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருந்த பழனிசாமிக்கு இடது நுரையீரலில் கட்டி. எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தோம். ஸ்கேன் எடுத்தால், நிஜமாகவே எல்லாம் இடம் மாறியிருந்தது. வழக்கமாக வலது நுரையீரலில் மூன்று பகுதிகள், அதாவது மூன்று மடல், இடதில் இரண்டு; இவருக்கு நேர்மாறு.

ரத்தக் குழாய்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றி வரைந்துகொண்டு, அதன்படியே கட்டியை எடுத்தோம். நல்லபடியாகத் தேறினார். விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி பெருமூச்சு விட்டார்: "கல்யாணம் ஆன நாளா இவருக்கு மனசு எங்க இருக்குதுன்னு தேடீட்டு இருக்கறனுங்க டாக்டர், இப்பத்தான் தெரியுது!"

ஒரே வழி

ஊத்துக்குளி மரகதம் பனியன் கம்பெனியில் டெய்லர். இடது நுரையீரலின் மேல் மடலில் புற்றுநோய். மேல் மடலிலிருந்தும் கீழ் மடலிலிருந்தும் ரத்தம் தனித்தனிச் சிரை வழியாக இதயத்துக்குப் போக வேண்டும். இவருக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றாகப் போயின. வழக்கமான இடத்தில் வெட்டினால் நல்ல மடலும் போய்விடும். ஆபரேஷனை ஒருநாள் தள்ளிவைத்து, படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். மறுநாள் மேல் கிளையை மட்டும் பிரித்துக் கட்டினேன். கீழ் மடல் ரத்த ஓட்டம் கெடாமல் இளஞ்சிவப்பாகவே இருந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது விளக்கினேன். மரகதம் சிரித்தார்: "அட, எங்கூரு ரயில்வே கேட்டாட்டம், எல்லா வண்டிக்கும் ஒரே வழிதானுங்களா?"

லட்சுமியின் கவலை

பீகாரிலிருந்து வந்து நிட்டிங் மெஷின் ஓட்டிய சூரஜுக்கு இடது நுரையீரலின் கீழ்ப்பகுதி கெட்டுப்போயிருந்தது. ஆபரேஷன் நடக்கும்போது வலது நுரையீரல் மட்டுமே அவனுக்கு மூச்சுத் தர வேண்டும். ஆனால் அதன் மேல் மடலுக்கான கிளை, மூச்சுக்குழாய் இடம் வலமாகப் பிரிவதற்கு முன்பே, மேலேயே கிளைத்திருந்தது. வழக்கம்போல் செயற்கை மூச்சுக்கான டியூபை இறக்கினால் அந்தக் கிளை அடைபட்டுவிடும். லட்சுமி டியூபைக் கிளைக்கு மேலேயே நிறுத்தி, இடப்பக்கத்தை மட்டும் தனியாக அடைத்தார். கடைசி வரை ஆக்சிஜன் இறங்கவே இல்லை.

சூரஜ் கண் விழித்ததும் லட்சுமி என் தோளில் தட்டினார்: "நீங்க வெட்டறதுக்கு வழி பாத்தாப் போதுங்க, அவன் மூச்சு விடறதுக்கு நாந்தானுங்க வழி பாக்கோணும்!"

இத்தனை பேரின் நெஞ்சைத் திறந்து பார்த்துவிட்டேன், பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கும் அந்த ஒழுங்கான ஆள் மட்டும் இன்னும் என்னிடம் சிகிச்சைக்கு வரவில்லை.