நாலு பவுண்டு

ஆர்லிஸ் பிரெக்கி முப்பத்தோரு வருஷம் எடை போட்டே பிழைத்தவள். விஸ்கான்சினில் அவள் ஊர் விவசாயிகளின் கூட்டுறவுக் கிடங்கில் எடைமேடை அவள் பொறுப்பு. சோளம் ஏற்றிய லாரி வந்து நிற்கும், ஜன்னல் வழியே சீட்டை நீட்டுவாள், லாரி போகும். வருகிறவன் பாதிரியாரானாலும் மைத்துனனானாலும் சீட்டில் இருப்பது முள் காட்டியதுதான்.

பந்தயத்துக்கு அவளை இழுத்து வந்தது புருஷன் டுவெய்ன். பிளாக் ஆல்டர் திடலில் சனி ஞாயிறுகளில் கார் ஓட்டுகிறவர்கள் யாருக்கும் அது தொழில் இல்லை. குழாய் ரிப்பேர்காரர், பல் டாக்டர், பால் பண்ணைக்காரர் என்று எல்லாரும் வாரம் முழுக்க வேறெங்கோ உழைத்துவிட்டு வருகிறவர்கள். காசுள்ளவன் பெரிய எஞ்சினாக வாங்கி மாட்டி ஜெயித்துவிடக் கூடாதே என்று சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. ஒரு குதிரைத்திறனுக்குப் பதினைந்து பவுண்டு எடை இருக்க வேண்டும். எஞ்சினுக்குச் சக்தி கூடினால் காரும் அந்த அளவுக்குக் கனக்க வேண்டும். வருஷத் தொடக்கத்தில் எல்லாக் காரையும் உருளைகள்மேல் ஓடவிட்டுச் சக்தியை அளப்பார்கள். பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று கார்கள் நேராக எடைக் கொட்டகைக்கு வர வேண்டும். ஓட்டியவர் தலைக்கவசத்தோடு உள்ளேயே இருக்க வேண்டும். காரும் ஆளும் சேர்ந்துதான் எடை. அதுவரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

அந்தக் கொட்டகைக்கு ஆள் வேண்டுமென்று கேட்டபோது ஆர்லிஸ் கையைத் தூக்கினாள். மூன்றாவது வாரமே ரெண்டு பவுண்டு குறைகிறதென்று டுவெய்னையே நீக்கிவிட்டாள். “வீட்டுக்குப் போனதும் சோறு கிடைக்குமா டுவெய்ன், இல்ல அதையும் நிறுத்துத்தான் போடுவாளா?” என்று திடலே சிரித்தது. பிறகொரு காலத்தில் டுவெய்ன் வேறொருத்தியோடு புளோரிடாவுக்குப் போய்விட்டான். எடைக் கொட்டகையை ஆர்லிஸ் விடவில்லை.

நார்பர்ட் டோர்ன் அவளுக்கு அங்கே கிடைத்த சிநேகிதன். பள்ளிக்கூட பஸ்களைப் பழுதுபார்க்கிறவன். அறுபது வயது, மலை மாதிரி உடம்பு. மனைவி இறந்து ஆறு வருஷம். ஒரே மகள் கொரின் தூரத்தில் ஆரிகனில் இருந்தாள். அவனுடைய பழைய ஜப்பான் கார் நூற்றெழுபது குதிரைத்திறன், ஆகவே 2,550 பவுண்டு. பத்து வருஷமாக அவன் ரெண்டாவது, மூன்றாவது என்றுதான் வந்துகொண்டிருந்தான். வருஷக் கோப்பை எப்போதும் லைல் ஹோக் வீட்டுக்குப் போகும்.

அந்த வருஷம் மே மாதத்தில் நார்பர்ட்டின் கார் 2,570 காட்டியது. ஜூனில் 2,561.

“பரவாயில்லையே, பீரை விட்டுட்டியா?” என்றாள் ஆர்லிஸ்.

“சாசேஜையும் விட்டுட்டேன். இனி என்னத்த திங்கறது, புல்லுதான்.”

ஜூலையில் 2,552. “பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கே. பொண்ணு கிண்ணு பாத்துட்டியா?” என்று சீட்டைக் கொடுத்தாள். சுற்றி நின்றவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். நார்பர்ட் சிரித்துக்கொண்டே சீட்டை மடித்துப் பையில் வைத்தான்.

ஆகஸ்டில் எடை ஏறி 2,563 ஆனது. உடம்பு இளைக்க இளைக்க எடை போதாதென்று காரின் அடித்தளத்தில் முப்பது பவுண்டு ஈயத்தட்டை முடுக்கியிருந்தான். விதி அதை அனுமதித்தது. தட்டையும் போல்ட்டையும் குனிந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டவளே ஆர்லிஸ்தான். வருஷக் கோப்பைக்கான கணக்கில் லைலைவிட அவன் ரெண்டே புள்ளி பின்னால் இருந்தான். யார் ஜெயிப்பார்கள் என்பதைத் தவிர வேறெதுவும் அன்று அவள் மனதில் இல்லை.

செப்டம்பர் கடைசி ஞாயிறு இறுதிப் பந்தயம். கடைசிச் சுற்றின் கடைசி வளைவில் நார்பர்ட் உட்பக்கமாக நுழைந்து, அரைக் கார் நீளத்தில் லைலை முந்தினான். வேலியோரம் நின்ற கூட்டம் கத்தியதில் ஆர்லிஸுக்குக் காது அடைத்தது. அவளும்தான் கத்தினாள்.

நான்கு சக்கரங்களும் நான்கு எடைப் பலகைகள்மேல் ஏறி நின்றன. 2,546.

ஆர்லிஸ் காரைப் பின்னால் தள்ளச் சொல்லி, பலகைகளைத் துடைத்து, மறுபடி ஏற்றினாள். 2,546. மூன்றாவது முறையும் அதேதான்.

லைல் தன் காரிலிருந்து இறங்கி வந்தான். “நாலு பவுண்டுதானே ஆர்லிஸ்! அவன் வேர்த்தது அவ்வளவு இருக்கும். விட்டுத் தொலை. அவன்தான் என்னை ஜெயிச்சான்.”

நார்பர்ட் தலைக்கவசத்தைக் கழற்றினான். பெல்ட்டை அவிழ்த்து, கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு முறை முயன்று எழுந்தான். பந்தய உடுப்பு அவன்மேல் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. கழுத்து வேர்வையில் மஞ்சளாக மின்னியது. ஆர்லிஸ் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மே மாதத்திலிருந்து இருபத்துநாலு குறைந்திருக்கிறது. அதோடு ஈயம் முப்பது. ஐம்பத்துநாலு பவுண்டு. யாரும் புல்லைத் தின்று இவ்வளவு இளைப்பதில்லை.

“எழுது ஆர்லிஸ்” என்றான் நார்பர்ட்.

எழுதினாள். எண் கோணலாக விழுந்தது.

கூட்டம் கலைந்த பிறகு அவனுடைய டிரெய்லருக்குப் போனாள். அவன் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

“என்னடா உனக்கு?”

“கணையம். ஈரலுக்கும் போயிடுச்சாம்.” வானிலை சொல்வதுபோலச் சொன்னான். “ஆகஸ்ட்லதான் தெரிஞ்சுது. நீ குடுத்த மூணு சீட்டையும் கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டினேன். மனுஷர் என்னை வெச்ச கண் வாங்காம பாத்தாரு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா ஓட்ட விட்டிருப்பியா? கடைசி மூணு வாரமா சாப்பாடு ஒண்ணும் எறங்கல. இன்னும் ஒரு தட்டு போட்டிருக்கணும். தப்புக் கணக்கு போட்டுட்டேன்.”

ஆர்லிஸ் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். “நான் அதைக் கிழிச்சுப் போட்டுடறேன் நார்பர்ட். லைலே வேண்டாங்கறான்.”

“கிழிக்காத. நான் சாகப்போறேன்னு காருக்குத் தெரியுமா? லேசா இருந்துச்சு, லேசாத்தான் ஓடுச்சு. அந்த வளைவுல அவனை முந்துனது நானா, அந்த நாலு பவுண்டான்னு எனக்கே தெரியல. இருக்கிற கொஞ்ச நாள்ல அதை வேற நெனச்சிட்டுக் கெடக்கணுமா?” சற்று மூச்சு வாங்கிவிட்டு, “யார்கிட்டயும் சொல்லிடாத. நவம்பர் கடைசியில நன்றித் திருநாளுக்கு கொரின் வர்றா. அவளுக்குத்தான் மொதல்ல தெரியணும். போன்ல சொல்ற சமாச்சாரமா இது?” என்றான்.

அவள் சத்தியம் செய்து கொடுத்தாள்.

நவம்பர் முதல் வாரம் சங்கத்தின் வருஷக் கூட்டம். நார்பர்ட் வரவில்லை. நாலு பவுண்டை மன்னித்து அவனுக்கே கோப்பையைக் கொடுத்துவிடலாம் என்று லைல் எழுந்து சொன்னான். எல்லாரும் கை தட்டினார்கள். ஆர்லிஸ் மட்டும் எழுந்து, “கூடாது” என்றாள்.

“ஏன் கூடாதுன்னு சொல்லேன்” என்றான் லைல்.

“2,550ன்னா 2,550தான்.”

“புருஷனையே தூக்கினவதானே. மனசு இருக்கவேண்டிய எடத்துல எடைக்கல்லுதான் இருக்கு” என்று பின்வரிசையில் யாரோ சொன்னது அவள் காதில் நன்றாகவே விழுந்தது. கூட்டம் முடிந்து காபி குடிக்கும்போது அவள் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. காரில் ஏறி உட்கார்ந்து, சாவியைப் போடாமல் வெகுநேரம் அழுதாள்.

வாரம் ரெண்டு முறை நார்பர்ட்டுக்குச் சூப் கொண்டுபோனாள். அவனால் நாலைந்து ஸ்பூனுக்குமேல் முடியாது. “எவ்வளவு குடிச்சேன்னு எழுதிக்கிட்டியா?” என்று கேலி செய்வான். அவள் சிரிப்பாள். சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு நிற்பாள்.

மகள் வந்தாள், தெரிந்துகொண்டாள், திரும்பிப் போகவேயில்லை. ஜனவரியில், பனி கொட்டிய ஒரு காலையில் நார்பர்ட் இறந்துபோனான்.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஹாம் சாண்ட்விச்சும் காபியும் வைத்திருந்தார்கள். பந்தயக்காரர்கள் முழுப்பேரும் வந்திருந்தார்கள். நோய் எப்போது தெரிந்தது என்ற பேச்சு மேசைக்கு மேசை போனது. பல் டாக்டர் அவளிடம் வந்து, “உனக்கு செப்டம்பர்லயே தெரியுமாமே? தெரிஞ்சுமா கூட்டத்துல அப்படிப் பேசின?” என்று கேட்டார். நார்பர்ட் சொன்னதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் செத்தவன் பின்னால் போய் ஒளிந்துகொள்வதுபோல இருந்தது அவளுக்கு. “தெரியும்” என்று மட்டும் சொன்னாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

கொரின் மார்ச் மாதம் வீட்டை ஒழிக்கும்போது அவளைக் கூப்பிட்டாள். பாதி காலியான சமையலறையில் ரெண்டு பேரும் பெட்டிகள்மேல் உட்கார்ந்தார்கள்.

“ஆர்லிஸ் ஆன்ட்டி, அப்பா எளச்சது உங்களுக்கு முன்னாடியே தெரியலையா?”

வேறு யார் கேட்டிருந்தாலும் அது குற்றச்சாட்டு. இவள் கேட்டது வேறு மாதிரி இருந்தது.

“மாசாமாசம் என் கையாலதான் எழுதினேன்” என்றாள் ஆர்லிஸ். “எழுதிட்டு, நீ அழகாயிட்டே வர்றேன்னு அவன்கிட்ட சொன்னேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஏன்டா கொறையுதுன்னு கேட்டிருந்தா ஜூன்லயே டாக்டர்கிட்ட போயிருப்பான்.”

“போயிருந்தா?”

“தெரியல கண்ணு.”

“நான் வீடியோ கால்ல வாங்கன்னுகூட கேட்டேன். போன் சரியில்லன்னு சொன்னாரு. நம்பிட்டேன்” என்றாள் கொரின். பிறகு ரெண்டு பேரும் தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினார்கள்.

மே மாதம் திடல் திறந்தது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் ஆர்லிஸ் போனாள். கொட்டகைக் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. லைல் எடைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவந்து தரையில் வைத்துக்கொண்டிருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான்.

“கோப்பை வேணாம்னு நார்பர்ட்தான் உன்கிட்ட சொன்னானாமே, கொரின் எல்லாம் சொன்னா” என்றான். “அன்னிக்கு கூட்டத்துல அந்த எடைக்கல்லுப் பேச்சு பேசினது என் தம்பி. நான் கேட்டுட்டு சும்மாதான் இருந்தேன்.”

ஆர்லிஸ் கடிதம் இருந்த கைப்பையைச் சுவரோரம் வைத்தாள். குனிந்து, கோணலாக இருந்த ஒரு பலகையை நேராக நகர்த்தினாள். மறுமுனையை லைல் பிடித்துக்கொண்டான்.