நாலரை மணியை நிறுத்திய ஜெயமணி சிஸ்டர்

கடந்த திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். விடுதிக் காப்பாளர் வாசலில் வந்து நின்றார். "ஜெயமணி சிஸ்டர் தவறிட்டாக டீச்சர். கடமலைக்குண்டுல, வீட்டுலயே. மாரடைப்பாம்." சாக்பீஸைக் கீழே வைத்தேன். அந்தக் கணக்கை அன்று முடிக்கவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெயமணி எங்கள் பகுதியின் கிராம சுகாதார செவிலியர். தடுப்பூசிப் பெட்டியோடு ஸ்கூட்டியில் சுற்றுவார். வியாழக்கிழமைதோறும் எங்கள் பள்ளியின் பெண்கள் விடுதிக்கு வந்து பிள்ளைகளைப் பார்ப்பார். சத்தமாகச் சிரிப்பார். பிடிவாதக்காரர்.

எங்களுக்குள் முதலில் சண்டைதான். விடுதிப் பிள்ளைகளை விடியற்காலை நாலரைக்கே மணியடித்து எழுப்பிப் படிக்கவைக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் நான். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள், பிரார்த்தனைக் கூட்டத்தில் ஒன்பதாம் வகுப்புக் கவிதா நின்றபடியே தூங்கிக் கீழே விழுந்தாள். நெற்றியில் மூன்று தையல். இரவு ஒன்பதரைக்கு விளக்கணைத்தும் பிள்ளைகள் வெகுநேரம் தூங்காமல் கிடப்பதை நான் அரட்டை என்றே நினைத்திருந்தேன்.

ஜெயமணி ஒவ்வொருத்தியாக உட்காரவைத்து விசாரித்தார். பிறகு ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"வயசுக்கு வர்ற பருவத்துல தூக்கத்தைக் கொண்டாற ஹார்மோன் லேட்டாத்தான் சுரக்கும் டீச்சர். ஒன்பதரைக்குப் படுன்னா கண்ணு மூடாது. வளர்ச்சிக்குள்ளதும் பூப்புக்குள்ளதும் பிள்ளைக அசந்து தூங்கயிலதான் நல்லா சுரக்கும். நாம பாதியில எழுப்பி விட்டுர்றோம்."

மதிப்பெண் குறைந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். காலாண்டுத் தேர்வு வரை ஆறு மணிக்கு எழுப்பிப் பாருங்கள், குறைந்தால் நானே வந்து நாலரைக்கு மணி அடிக்கிறேன் என்றார்.

ஆறு மணி என்றதும் பெற்றோர் கூட்டத்தில் பெரிய எதிர்ப்பு. கவிதாவின் அப்பா எழுந்து, பொம்பளப் பிள்ளைகளைச் சோம்பேறியாக்கப் பார்க்கிறீர்கள் என்றார். ஜெயமணி குரலை உயர்த்தவில்லை.

"சோம்பேறித்தனம் இல்லண்ணே. ஒங்க மக வளருறா."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

மணி ஆறுக்கு மாறியது. இரண்டு வாரத்தில் வகுப்பில் கொட்டாவி குறைந்தது. தலைவலியும் காரணமில்லாத அழுகையும் குறைந்தன. காலாண்டில் என் பாடத்தில் ஒருத்திகூடத் தோற்கவில்லை. விடைத்தாள் கட்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தவர், மணி அடிக்கிற வேலை போச்சே என்று விடுதி அதிரச் சிரித்தார். இன்றும் எங்கள் விடுதி மணி ஆறுக்குத்தான் அடிக்கிறது.

தூக்கம்தான் எல்லாவற்றுக்கும் மருந்து என்று அவர் சொன்னதே இல்லை. பூப்பெய்திய முதல் ஓரிரு ஆண்டுகள் மாதவிலக்கு முன்பின்னாக வரலாம் என்று பயந்த பிள்ளைகளைத் தேற்றுவார். நன்றாகத் தூங்கியும் சோர்வு தீராத ஒருத்தியை அவரே தேனி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ரத்தசோகை முற்றியிருந்தது. அவள் இப்போது கல்லூரி அணியில் கைப்பந்து ஆடுகிறாள்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். பெட்டியைத் தூக்க உறவுக்கார ஆண்கள் குனிந்தபோது, எங்கள் விடுதியில் படித்துப்போன ஆறு பெண்கள் முன்னால் வந்து, நாங்கள் தூக்குகிறோம் என்றார்கள். ஆண்கள் விலகி வழிவிட்டார்கள். தெரு முழுக்கச் சனம் பார்த்து நிற்க, கல்லறைத் தோட்டம் வரை அவர்கள் ஓர் இடத்திலும் தோள் மாற்றவில்லை.

நானும் பின்னால் நடந்தேன். அவர் இருந்தவரை ஒருதரம்கூட வாய்விட்டுச் சொல்லாததைக் குழியருகில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னேன்.

"நீங்க சொன்னதுதான் சரி, சிஸ்டர்."