ஒன்பதாவது கட்டத்து முகம்

ரைன் நதிக்கரையில் அந்தக் கதைப்பாட்டைத் தெரியாதவர் இல்லை. சத்தியம் செய்து கைவிட்ட குதிரைவீரனை, ஆற்றில் விழுந்து செத்தவள் அவன் கல்யாணத்தன்று வந்து கைபிடித்துத் தண்ணீருக்குள் கூட்டிப்போவாள். பீர்க் குவளையிலும் இஞ்சி ரொட்டி அச்சிலும்கூட அந்த ஜோடிதான்.

சந்தைப் பாடகன் லாம்பெர்ட்டுக்குச் சோறு போட்டதும் அந்தப் பாட்டுதான். ஒன்பது கட்டப் படத்துணியைத் தொங்கவிட்டு, கோலால் சுட்டிக்காட்டிப் பாடுவான். துணியை வரைந்தவள் ஓட்டிலி. "அடுத்த வருஷம் நம்ம கல்யாணம்" என்று நாலு வருஷம் அவளிடம் சொல்லிவந்தவன், மாவு ஆலைக்கார விதவை கெர்ட்ரூட்டுக்கு மோதிரம் போட்டுவிட்டான்.

துணி மழையில் வெளுத்ததும், புதிதாக வரைந்து தரச் சொல்லி, கூச்சமில்லாமல் ஓட்டிலியிடமே வந்து நின்றான்.

"உன் கை மாதிரி வராது, ஓட்டிலி. மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"எனக்கென்ன? சந்தையில நானே கொண்டாந்து கட்டித் தரேன்."

"எல்லாம் பழைய இடத்துலதானே இருக்கும்?"

"அங்கேயேதான். நீதான் திரும்பிப் பாக்கவே மாட்டியே, ராசா!"

அது அவன் தொழிலின் வீம்பு. படத்தைத் திரும்பிப் பார்த்துக் கோல் வைப்பவனைச் சகபாடகர்கள் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

சந்தையன்று, அவன் கூட்டத்தை வணங்கிக்கொண்டிருந்தபோது அவள் சுருட்டிக் கட்டியிருந்த புதுத் துணியின் முடிச்சை அவிழ்த்தாள். எட்டுக் கட்டங்களில் வீரன் முகத்தைத் தலைக்கவசம் மறைத்திருந்தது. ஒன்பதாவதில் கவசம் இல்லை. லாம்பெர்ட்டின் கோணல் மூக்கு, இடது புருவத்தைப் பிளந்த தழும்பு.

கூட்டம் கிசுகிசுத்தது. பாட்டுக்குத்தான் சொக்குகிறார்கள் என்று குரலை உயர்த்தினான். கடைசியில், கோல் படத்திலிருந்த தன் மூக்கிலேயே பதிய, முழங்கினான்: "இதோ பாருங்க, சத்தியம் தப்பின நாய்!"

சந்தையே அதிர்ந்து சிரித்தது. "கண்ணாடி எதுக்குடா உனக்கு!" என்றான் ஒருவன்.

முன்வரிசையில் கெர்ட்ரூட் சிரிக்கவில்லை. படத்தில் செத்தவளின் முகத்தையும், அதே முகத்தோடு நின்ற ஓட்டிலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவளுக்கும் சத்தியம் பண்ணினியா?"

அப்போதுதான் அவன் திரும்பினான். கெர்ட்ரூட் மோதிரத்தைக் கழற்றி, அவன் காசு வாங்கும் தொப்பியில் போட்டுவிட்டு நடந்தாள்.

லாம்பெர்ட் ஊரைவிட்டே போனான். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்திருந்த ஒரு குயவன் அதைத் தட்டுகளில் வரைந்து விற்றான். எந்த ஊர் விடுதிக்குப் போனாலும் அவன் முகம் அவனுக்கு முன்பே சுவரில் தொங்கியது. அந்தச் செய்தி வரும்போதெல்லாம் ஓட்டிலிக்கு வயிறு குளிர்ந்தது.

அவளும் ஒரு தட்டு வாங்கினாள். தினமும் அதில்தான் சூப். கரண்டி அடியைத் தொடும்போது முதலில் அவன் மூக்கு தெரியும். அப்புறம், அவன் கையை இறுகப் பிடித்திருக்கும் அவள் கை.

வேறு முகத்தை வரைந்திருக்கலாம், செத்தவளுக்கு. அந்த யோசனை அவளுக்கு நாற்பது வருஷம் கழித்துத்தான் வந்தது.