தலைமாட்டில் ‘புவாசா’ அட்டை

பித்தப்பைக் கல் நழுவி அடைத்ததில் என் மனைவிக்குக் கணையம் வீங்கிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண விருந்து. சாப்பிட்டுவிட்டுக் கிள்ளான் திரும்பும் வழியில் காரிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். ஆஸ்பத்திரியில் அவள் தலைமாட்டில் ‘புவாசா’ என்று மலாய் மொழியில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்கள். நோன்பு, வாயில் எதுவும் போகக் கூடாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தைரியம். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். சாப்பிட்டாள், வலித்தது, பட்டினி கிடந்தாள், வலி குறைந்தது. எனக்குப் புரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

அதனால் மூன்றாம் நாள் காலை டாக்டரம்மா வந்து, “ஆன்டி, பசிக்குதா?” என்று கேட்டதுமே நான் அந்த அட்டையைத்தான் பார்த்தேன்.

“இந்தத் தலகாணியவே தின்னுடுவேன் லா டாக்டர்.”

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே வயிற்றை அழுத்திப் பார்த்தார். “மத்தியானம் சாப்பிடுங்க. எண்ணெய் இல்லாத கஞ்சி, கொஞ்சம் மீன்.”

“ரத்த டெஸ்ட்டுல அந்தக் கணைய அளவு இன்னும் முழுசா இறங்கலன்னாங்களே டாக்டர்?” என்றேன் நான்.

“அது இறங்குற வரைக்கும் காத்திருந்தது பழைய பழக்கம் அங்கிள். ஆன்டிக்கு வந்தது லேசான வீக்கம். வாந்தி நின்னுருச்சு, வலி குறைஞ்சிருச்சு, பசியும் வந்துருச்சு. இனிமே பட்டினி போட்டா குடல்தான் பலவீனமாகும். வலி திரும்ப வந்தா உடனே சொல்லுங்க.”

மத்தியானம் சாப்பாட்டு வண்டி வந்தது. அட்டையை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வண்டி தள்ளிய அக்கா அதைப் பார்த்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனார்.

“என்னங்க, கூப்பிடுங்க!”

“அட்டை இருக்கேம்மா. எதுக்கும் நாளைக்கு...”

“டாக்டர் சொன்னப்ப இங்கதானே நின்னீங்க?”

“நின்னேன்.”

“அப்ப பயம் உங்களுக்கு, பட்டினி எனக்கா?”

ஒரு கையால் ட்ரிப்ஸ் தொங்கும் கம்பியைப் பிடித்தபடி எழுந்தாள். அட்டையைக் கழற்றி என் மடியில் போட்டாள். “இத நீங்க மாட்டிக்குங்க. அக்கா! இங்க ஒரு ஆள் உயிரோட இருக்கேன்!”

பக்கத்துக் கட்டில்களில் சிரிப்பு. அந்த அக்கா நர்ஸிடம் கேட்டுவிட்டுக் கஞ்சி கொண்டுவந்தார்.

அவள் சாப்பிட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலைந்து கரண்டி போனதும் கண்ணை மூடினாள். மணியை அழுத்தக் கை நீட்டிவிட்டேன்.

“வலிக்குதாம்மா?”

“சும்மா இருங்க. சூடா இறங்குது. எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா?”

பாதிக் கிண்ணத்தோடு போதும் என்று வைத்துவிட்டுப் படுத்தாள். நான் வலிக்காகக் காத்திருந்தேன். அவள் அசைந்தாலும் பயம், அசையாவிட்டாலும் பயம். பார்வையாளர் நேரம் முடியப் போகிறபோதுதான் கண் விழித்தாள்.

“வலி?”

“இல்லைங்க. ராத்திரிச் சாப்பாடு எத்தன மணிக்கு வரும்?”

நர்ஸ் மேசைக்கு நானே போய்க் கேட்டேன்.