மணல் தேய்த்த விரல்

ஏரியில் ஆழமில்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிப்பது எங்கள் வேலை. அந்த வாசனை கையை விட்டு லேசில் போகாது. எனக்கோ கூச்ச சுபாவம். நாலு பேர் நடுவில் போக வேண்டியிருந்தால், கரை மணலை அள்ளி விரல்களைப் பரபரவென்று தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் போவேன். ரேஷன் கடைக்கும் அப்படித்தான்.

போன வருடம் ஒரு மாதத் தொடக்கத்தில் கடையிலிருந்த கைரேகை மிஷின் என் விரலை ஏற்கவில்லை. எந்த விரலை வைத்தாலும் சிவப்பு விளக்கு. வீட்டுக்காரர் கேரளாப் பக்கம் படகு வேலைக்குப் போயிருந்தார். ஓடிபி வரும் போனும் அவரோடு போய்விட்டது. மாதம் முடிவதற்குள் என் விரல் பதிந்தால்தான் அந்த மாத அரிசி.

பின்னால் நின்ற என் ஓரகத்தி சும்மா இருப்பாளா?

"இன்னாடி, வெரலை எறா தின்னுட்சா?"

வரிசையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பை மட்டும் காலியாகத் திரும்பியது.

ஊருக்கு வரும் நர்ஸிடம் விரலைக் காட்டினேன். என்னைவிடச் சின்னப் பெண். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா பண்றீங்க இந்த கையை?" என்றாள். மணல் விஷயத்தைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள்.

தோலின் மேல்பரப்பு செத்த அடுக்காம். அதைத்தான் நான் தேய்த்துத் தள்ளியிருக்கிறேன். அதற்கு அடியில் உயிருள்ள அடுக்கு ஓயாமல் புதுத் தோலைச் செய்து மேலே அனுப்புகிறதாம். ரேகையின் அச்சும் ஆழத்தில் இருப்பதால், பழைய கோடுகளே திரும்ப வருமாம். உள்ளங்கையில் வேர்வைதான் சுரக்கும், எண்ணெய் சுரக்காது என்றாள்.

"அதனால தெனம் தேங்காண்ணை தடவுங்க. மணலை மட்டும் தொடாதீங்க. அந்த கோடு இருக்கறதாலதான் எறா வழுக்காம கையில நிக்குது."

எண்ணெய் தடவுவது சுலபம். வாசனையோடு கடைக்குப் போவதுதான் பெரும்பாடு. மாதக் கடைசியில், வெறும் தண்ணீரில் அலம்பிய கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். விரலை வைத்தேன். சிவப்பு. துடைத்துவிட்டு மறுபடியும் அழுத்தினேன்.

பச்சை!

கடைக்காரர் மூக்கை உறிஞ்சினார். எனக்குக் காது சுட்டது.

"எறாவாக்கா? வெலைக்கு கீதா?"

ஓரகத்தி முந்திக்கொண்டாள். "இந்த லைன்ல எந்த கையில எறா வாசனை இல்ல? அவளை மட்டும் கேக்கற! மொதல்ல அரிசியை போடுய்யா!"

பை நிறைந்தது. மறுநாள் கடைக்காரருக்கு ஒரு கூறு இறால் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், கையைத் தேய்க்காமலே.