அவர் மாத்திரை

மடுகரை தையலம்மாளிடம் யாராவது ரெண்டு தடவை இருமிவிட்டால் போதும், மாத்திரை கொடுக்காமல் விடமாட்டாள். மாத்திரை அவளுடையதாக இருக்காது. கணவர் பலராமனுக்கு எழுதிக் கொடுத்ததில் மிச்சமாக இருக்கும், அல்லது அந்த மாத்திரை அட்டையை மெடிக்கலில் காட்டி மறுபடி வாங்கியதாக இருக்கும். அவளும் அதைத்தான் போட்டுக்கொள்வாள். “ஒரே சோறு, ஒரே கொழம்பு. மாத்திர மட்டும் இன்னா வேற?” என்பாள். அறுபத்தைந்து வயதுவரை நெல்லும் கரும்பும் போட்டுச் சம்பாதித்த உடம்பு, எதையும் தாங்கும் என்ற மெத்தனமும் உண்டு.

அவள் பேருக்கென்று வந்த மாத்திரை ஒன்றே ஒன்று. முடக்குவாதத்துக்குத் தினமும் போடச் சொல்லி டவுன் டாக்டர் எழுதியது. ஓரகத்தி செல்வகுமாரிக்கும் அதே வலி, அதே டாக்டர், அதே மாத்திரை.

ஐப்பசி மழையில் பலராமனுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டாக்டர் கொடுத்த மாத்திரையில் சீக்கிரமே சரியாகிவிட்டது. அடுத்த வாரம் தையலம்மாளுக்கும் செல்வகுமாரிக்கும் இருமல். அவருக்கு ஒத்துக்கொண்டது நமக்கு ஒத்துக்கொள்ளாதா என்று மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கி, ஓரகத்திக்கும் ஒரு அட்டை கொடுத்தாள்.

ஒரு காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன தையலம்மாள் தொட்டி ஓரமாக விழுந்துவிட்டாள். கால் தடுக்கவில்லை, வழுக்கவில்லை. கண் விழித்தபோது ஆஸ்பத்திரியில் இருந்தாள், மார்பெல்லாம் ஒயர்.

டாக்டர் அருள்மொழி சின்ன வயசுப் பெண். ஈசிஜி தாளைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்னென்ன மாத்திரை போடறீங்கம்மா?”

“முடக்குவாதத்துக்குப் போட்றது ஒண்ணுதாம்மா.”

“நல்லா யோசிச்சு சொல்லுங்க. வேற ஒண்ணும் இல்லையா?”

“இல்லம்மா.”

அவள் பொய் சொல்லவில்லை. டாக்டர் கேட்டது அவளுடைய மாத்திரையை. அதற்குத்தான் பதில் சொன்னாள். கால்மாட்டில் நின்ற பலராமனுக்குப் பொறுக்கவில்லை.

“சளிக்கு என் மாத்திரய போட்டுகினியே?”

“அது உங்க மாத்திர இல்ல?” என்றாள் தையலம்மாள், டாக்டர் எதிரில் இதென்ன பேச்சு என்பதுபோல.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இதயம் ஒரு தடவ துடிச்சதும் அடுத்த துடிப்புக்குத் தயாராக கொஞ்ச நேரம் எடுத்துக்கும். சின்னப் பிள்ளைங்கள்ல பையனுக்கும் பொண்ணுக்கும் அது ஏறக்குறைய ஒண்ணுதான். வளர்ந்தப்புறம் பொம்பளைக்குக் கொஞ்சம் அதிகம். வயசானா இன்னும் கூடும். உங்க முடக்குவாத மாத்திரையும் அதை நீட்டும், இந்தச் சளி மாத்திரையும் நீட்டும். ரெண்டையும் சேர்த்துப் போட்டிருக்கீங்க. எல்லை மீறினா துடிப்பு தாறுமாறாயிடும், ஆளே போயிடலாம். ஆம்பளைக்கும் ஆபத்துதான். பொம்பளைக்கு அதிகம்.”

தையலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று பிறந்ததிலிருந்து ஆயிரம் கேட்டிருக்கிறாள். நெஞ்சு துடிப்பதில்கூட வித்தியாசம் உண்டு என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. அப்புறம்தான் ஓரகத்திக்குக் கொடுத்த அட்டை உறைத்தது.

“ஐயோ, செல்வகுமாரிக்குப் போன் போடுங்க.”

பலராமன் போட்டார். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டார். முதல்முறையாகத் தையலம்மாளுக்குப் பயம் வந்தது, தன் உயிருக்கு வராத பயம். ஒருவழியாக எடுத்தாள் செல்வகுமாரி. பலராமன் போனை மனைவி காதில் வைத்தார்.

“சளி மாத்திர போட்டியாடி?”

“காலையிலயே போட்டேங்கா. தல சுத்துது. படுத்துகினு கீறேன்.”

டாக்டர் போனை வாங்கி, எழுந்திருக்கவே வேண்டாம், ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்.

செல்வகுமாரியைப் பக்கத்துக் கட்டிலில்தான் போட்டார்கள். அவளுடைய ஈசிஜியைப் பார்த்து டாக்டர் சளி மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, நரம்பில் மருந்து ஏற்றினார். இன்னும் ஒரு மாத்திரை போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். சாயங்காலம் வாக்கில் கண்டம் தாண்டிவிட்டது என்று தெரிந்தது.

“இந்த மாத்திரைய யார் குடுத்தாங்க?” என்று கேட்டார் டாக்டர்.

செல்வகுமாரி யாரையும் பார்க்காமல், “நானே மெடிக்கல்ல வாங்கினேன்” என்றாள்.

தையலம்மாளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. “பொய் சொல்றாம்மா. நாந்தான் குடுத்தேன். என் கையாலயே குடுத்தேன்.”

“வேற யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

சொல்லத் தொடங்கினாள். எதிர்வீட்டு மகாலட்சுமி, அவள் மாமியார், பால் சொசைட்டி சுகன்யா, நடவுக்கு வந்த பெண்கள் ரெண்டு பேர். டாக்டர் ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொன்னார். பிறகு சந்தேகத்தோடு கேட்டார்.

“எல்லாரும் பொம்பளைங்களா இருக்காங்களே. ஆம்பளைங்க யாருக்கும் குடுக்கலையா?”

“அவங்களுக்கு எதுக்கும்மா?” என்றாள் தையலம்மாள். “அவங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவாங்க இல்ல.”