ராய்ஸ் பெயர் இல்லாத வாரம்

எங்கள் ஓர்லி கவுண்டியில் போலீஸ் யாரைப் பிடித்தது என்று தெரிந்துகொள்ள யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. ஷெரிஃப் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவில் உள்பக்கமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். அங்குள்ள சிறையில் இருப்பவர்களின் பெயர், வயது, குற்றம். தினமும் காலையில் அந்த அலுவலகத்தில் வேலை பார்க்கும் ட்விலா ஹாப்ஸ் பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுவாள். சட்டப்படி அது ஊருக்குப் பொதுவானது. வியாழக்கிழமைப் பத்திரிகையிலும் அதையே அச்சடிப்பார்கள். கஃபேயில் ஆண்கள் பிஸ்கட் ரொட்டியைக் கிரேவிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே அதை உரக்கப் படிப்பார்கள். தெரிந்தவன் பெயர் வந்துவிட்டால் அன்றைக்கு கிரேவிக்கே தனி ருசி.

அந்தத் தாளை நீவா கிராப்ட்ரீ படித்த மாதிரி இந்த ஊரில் யாரும் படித்ததில்லை.

நீவாவும் நானும் பள்ளிக்கூடச் சமையலறையில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். எலும்பும் தோலுமாக உயரமாக இருப்பாள். கைகள் மட்டும் ஆம்பிளைக் கை. பெரிய தட்டுகளை அடுக்கோடு தூக்குவாள். பேச்சு மட்டும் சுருக்கம். புருஷன் மரம் அறுக்கும் ஆலையில் செத்துப்போனபோது மகன் ராய்ஸ் கைக்குழந்தை. அவன் ஒருத்தன்தான் அவளுக்கு. வளர்ந்து கூரை வேலைக்குப் போனான், ஒருநாள் கூரையிலிருந்து விழுந்தான். முதலில் முதுகுவலிக்கு மாத்திரை. பிறகு வலி போயும் மாத்திரை போகவில்லை. அது கிடைக்காதபோது கிடைத்ததெல்லாம். திருட்டு, தகராறு, மறுபடி திருட்டு. அவன் பெயர் முதல்முறை கதவில் வந்தபோது நீவா சமையலறையில் நின்று அழுதாள். அதோடு சரி. அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. சிரித்தும் அதிகம் பார்த்ததில்லை.

தினமும் வேலைக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்திவிட்டு, நடைபாதையில் நின்று கண்ணாடி வழியாக அந்தத் தாளைப் படிப்பாள். உள்ளே போகமாட்டாள், யாரையும் கேட்கமாட்டாள். அவள் படிக்கும்போது தெருவில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒருவர் டயரை உதைத்துப் பார்ப்பார். இன்னொருவருக்குத் திடீரென்று வானத்தில் மேகம் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் ஊரில் மரியாதை என்றால் இதுதான். அடுத்தவர் துக்கத்தைப் பார்க்காத மாதிரி இருப்பது. முதுகுக்குப் பின்னால் பேசுவது வேறு கணக்கு.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"ஏண்டி, தெனமும் அங்க போய் நிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

"அவன் பேரு இருந்தா அன்னிக்கு நல்லாத் தூங்குவேன், பெவ்."

"என்னடி உளர்ற?"

"உள்ள இருந்தா படுக்க கட்டில் இருக்கு. மூணு வேளை சாப்பாடு போடுறாங்க. கதவப் பூட்டி வெச்சிருக்காங்க. பேரு இல்லாத அன்னிக்குத்தான் எனக்கு பயம்."

அவள் கத்தி நிற்கவே இல்லை. அடுத்த கிழங்கை எடுத்தாள்.

அவன் உள்ளே இருக்கும்போது செவ்வாய்க்கிழமைகளில் சிறையின் பின்வாசல் வழியாகப் பார்க்கப் போவாள். ஒரு செவ்வாய்கூடத் தவறியதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். ஆளுக்கொரு போன். "என்னதான் பேசுவீங்க?" என்று கேட்டால், "நாயப் பத்தி" என்பாள். வீட்டு நாய்க்குக் கண் மங்கிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள் தாயும் மகனும்.

இலை உதிரும் காலத்தில் விடுதலையானவன் வீட்டுக்கு வரவில்லை. பல வாரம் தாளிலும் பெயர் இல்லை. குளிர் ஏறியதும் நீவா புருஷனின் பழுப்புநிறக் கோட்டை எடுத்து, சாலையோரத் தபால் பெட்டிக் கம்பத்தில் மாட்டி வைத்தாள். ஒருநாள் காலையில் கோட்டைக் காணோம். மகனா, வழிப்போக்கனா, தெரியாது. "யாரோ ஒருத்தருக்குக் குளிராது" என்றாள்.

ஜனவரியில் ஐஸ் மழை வந்தது. மரக்கிளைகள் முறிந்தன, மின்கம்பி அறுந்தது. அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் நீவாவுக்குப் பணி ஓய்வு விருந்து. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவருவதாகப் பேச்சு. ஏற்பாடு முழுக்க ட்விலாதான். ட்விலா நல்லவள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் சாப்பாட்டுப் பாத்திரம் அவளுடையதாக இருக்கும். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அந்த வாரம் தினமும் நீவா கதவில் பார்த்தாள். பெயர் இல்லை. வேலை முடிந்ததும் என் டிரக்கில் தேடப் போனோம். பாலத்துக்கு அடியில், தீவன ஆலைக்குப் பின்னால், பாதி எரிந்துபோன டிரெய்லர் வீட்டில். ஓடையில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "கன்னுக்குட்டி" என்றாள். மருத்துவமனைக்கும் பிணக்கிடங்குக்கும் போன் செய்தாள். கடையில் மாவு இருக்கிறதா என்று கேட்கிற குரல் அது.

விருந்துக்கு வந்தாள். வந்திருக்க வேண்டாம்தான், ஆனால் இவ்வளவு பேர் சமைத்துவிட்டார்களே. ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். ட்விலா தன் கையாலேயே பன்றித் தொடைக்கறியும் பீன்ஸும் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, நீவாவின் தோளைத் தட்டினாள்.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் கவலையில்லாம சாப்பிடும்மா. உன் மனசு நோகுற மாதிரி எதுவும் நடக்காது. நான் பாத்துக்கிறேன்."

"சரி" என்றாள் நீவா. தட்டில் இருந்ததையெல்லாம் தின்றாள். அது என்ன ருசி என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

தாளில் பெயர் இல்லாததால் செவ்வாயும் அவள் சிறைக்குப் போகாமலே போனது. வெள்ளிக்கிழமை காலை, என்னிடம் "கூட வா" என்றாள். முதல்முறையாக அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு விசாரிக்க உள்ளே போனாள். காணாமல் போனவர் என்று புகார் எழுத வேண்டும். ட்விலா கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். விசாரணை ஜன்னலில் மார்ஷ் என்று ஒரு புது டெபுடி, ஷெரிஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் போலீஸ்காரர். வெளியூர்க்காரர். எங்கள் ஊர் மரியாதையெல்லாம் அவருக்குப் பழகவில்லை.

"பேரு சொல்லுங்கம்மா."

"ராய்ஸ் கிராப்ட்ரீ. என் மகன்."

அவர் கணினியில் தட்டிப் பார்த்தார். "இவரா? காணாமப் போகலியேம்மா. போன வாரத்துலேர்ந்து இங்கதானே இருந்தாரு. நேத்து காலைலதான் வெளிய விட்டோம்."

ட்விலாவின் கையிலிருந்து கோப்பு விழுந்தது.

"கதவுல பேரு இல்லியே" என்றாள் நீவா.

ட்விலா மூச்சுவிடாமல் சொன்னாள். "நான்தான் எடுத்துட்டேன் நீவா. உன் விருந்து வாரமாச்சே. ஊரே கூடி உனக்குக் கைதட்டுற அன்னிக்கு அவன் பேரு அங்க தொங்கணுமா? பேப்பருக்கும் நான்தானே அனுப்புறேன், அதுலயும் விட்டுட்டேன். விருந்து முடிஞ்சப்புறம் எப்படிச் சேக்குறதுன்னு தெரியல. நீ வந்து படிச்சிட்டு தலையக் குனிஞ்சிட்டுப் போறத எத்தன வருஷமா பாக்குறேன். ஒரு தடவையாவது அந்தக் கஷ்டம் உனக்கு வேணாமேன்னு..."

"அவ எதுக்குடி அங்க வந்து நிப்பான்னு நெனச்ச?" நான் கத்தினேன். "பாலத்துக்கடியில பொணம் தேடிட்டு இருந்தோம்டி நாங்க! உன் கையால தட்டு வேற கொண்டாந்து குடுத்தியே!"

"பெவ், விடு" என்றாள் நீவா. ட்விலா பக்கம் திரும்பினாள். "செவ்வாக்கெழம கேட்டானா?"

ட்விலாவுக்கு அழுகை வந்துவிட்டது. "கேட்டான். மத்தியானம் பூரா அந்தக் கண்ணாடிக்கு முன்னாடி நாற்காலியிலயே உக்காந்திருந்தான். 'அம்மா வந்தாங்களா'ன்னான். வரலப்பான்னேன்."

"அதுக்கு என்ன சொன்னான்?"

"'சரி, போதும்னு விட்டுட்டாங்க போல'ன்னான். கோவமா இல்ல நீவா. நேத்து ஒரு தீவன லாரியில ஒக்லஹோமா பக்கம் ஏறிப் போயிட்டான்."

நானாக இருந்தால் அந்த ஜன்னலை உடைத்திருப்பேன். நீவா கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டிக்கொண்டாள். "நீ நல்லதுன்னு நெனச்சுத்தான் பண்ண" என்று ட்விலாவிடம் சொன்னாள். அதில் மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. மழை நின்றுவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு டெபுடியிடம் கேட்டாள். "உள்ள கொண்டுவரும்போது போட்டோ புடிப்பீங்களே, அது கெடைக்குமா?"

"அது பொது ஆவணம்மா. யார் கேட்டாலும் குடுக்கணும்."

அவர் அச்சடித்துக் கொடுத்தார். ராய்ஸ் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான். கன்னம் ஒட்டி, தாடியில் நரை. கழுத்துவரை பட்டன் போட்ட பழுப்புநிறக் கோட்டு. காலரில் நீவா தைத்துப்போட்ட ஒட்டு.

"கோட்டு இவன்தான் எடுத்திருக்கான்" என்றாள். நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவளுக்கு இல்லை.

இப்போது வேலை இல்லாததால் தினமும் காலையில் நூலகத்தின் கணினியில் உட்காருகிறாள். ஒக்லஹோமா மாநிலத்தில் எத்தனை கவுண்டி உண்டோ, அத்தனையின் கைதிப் பட்டியலையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறாள். சில நாள் நானும் பக்கத்தில் உட்காருகிறேன். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பிள்ளைகளின் பெயர்கள். அவன் பெயர் மட்டும் இல்லை.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில், யாருக்கு என்ன வேண்டுதல் என்று பாஸ்டர் கேட்பது வழக்கம். மூட்டுவலி, அறுவை சிகிச்சை, மகள் பிரசவம் என்று ஒவ்வொருவராகச் சொல்வார்கள். போன புதன் நீவா எழுந்து நின்றாள். அவள் அங்கே வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை.

"என் மகன் ராய்ஸ எங்கயாவது போலீஸ் புடிக்கணும்னு வேண்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

பாஸ்டர் பைபிளை மூடினார், திறந்தார். பலர் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தார்கள், காலணியைப் பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ட்விலா மட்டும் நீவாவை நேராகப் பார்த்து, அழுதுகொண்டே "ஆமென்" என்றாள். நானும் சொன்னேன்.